பேணியில் மிஞ்சிய மூடி

ஆட்களை விரல் நீட்டி எண்ணினால் ஆகாது. அதனால் அக்கா முகவாயால், நாடியால்தான் எண்ணுவார்.

காலை முதல் பஸ் பழைய பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே கதிரையை விட்டு எழும்பிவிடுவார். படியோரம் வந்து நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நாடியைக் கொஞ்சம் கீழே இறக்குவார். இடது கையில் ஒரு ரின்பால் பேணி, பால் தீர்ந்த வெறும் தகரம். வலது கை நிறைய சோடா மூடிகள். ஒரு தலை இறங்க ஒரு மூடி பேணிக்குள் விழும். கிளிங். எங்கள் பஸ்ஸில் நாற்பது, நாற்பத்தைந்து பேர் வருவோம். அத்தனை கிளிங்கையும் கேட்டுக்கொண்டுதான் நான் றோட்டைக் கடந்து வேலைக்குப் போவேன்.

ரைம்கீப்பர் அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. அவருடைய புருஷன் பஸ் ஓடினவர். அவர் இறந்த பிறகு பஸ்காரர்கள் சேர்ந்து நேரம் எழுதுகிற கதிரையை இவருக்குக் கொடுத்தார்கள். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும், விசில் ஊத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆள் எண்ணச் சொல்லி ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் எங்கள் பக்கத்துக் கடைசி பஸ்ஸில் ஏறுகிறபோது ஆளுக்கொரு மூடியைப் பேணிக்குள்ளிருந்து எடுத்து, பக்கத்தில் இருக்கிற ஓலைப்பெட்டிக்குள் போட வேண்டும். எல்லோரும் ஏறிய பிறகு அக்கா பேணியைக் காதோடு வைத்துக் குலுக்குவார். சத்தம் வராவிட்டால் விசில். சத்தம் வந்தால் பஸ் நிற்கும். அதை விட்டால் எங்களுக்கு விடியும்வரை வேறு பஸ் இல்லை. தர்மபுரம் தாண்டி உள் றோட்டில் யானை நிற்கும்.

யாழ்ப்பாணம் போகிறவர்களும், டவுனிலேயே தங்குகிறவர்களும் இறங்கும்போதே சொல்லிவிட வேண்டும். "அக்கா, நான் நிக்கிறன். எனக்குப் போடாதேங்கோ." இடையில் நினைப்பு மாறினால் திரும்பி வந்து தன் மூடியைத் தானே எடுக்க வேண்டும். இன்னொருவருடையதை எடுக்க விடமாட்டார். ஒருதடவை ஒருவர் தன் சிநேகிதனுடையதையும் சேர்த்து எடுத்தார். "அவன் மோட்டச்சைக்கிளிலை போட்டான் அக்கா" என்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கண்டனியோ, அவன் போனதை?"

"சொன்னவங்கள்."

"சொன்னவங்கள் எண்டு எடுக்கிறேல்லை. திருப்பிப் போடு."

சிநேகிதன் சலூன் கதிரையில் நித்திரையாகக் கிடந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அரைமுகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்து ஏறினான். பஸ் முழுக்கச் சிரிப்பு. சாரதி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, இது பஸ்ஸோ பள்ளிக்கூடமோ? ஒவ்வொரு நாளும் இடாப்புக் கூப்பிடுறியள்."

"பள்ளிக்கூடத்திலை பிள்ளை ஒண்டு குறைஞ்சா வாத்தியார் வீட்டை போவாரோ? சத்தம் போடாமல் இரு தம்பி."

இன்னொரு பின்னேரம் பேணிக்குள் இரண்டு மூடி மிஞ்சியது. அரை மணி நேரம் நின்றோம். முன் சீட்டில் இருந்த கிழவி ஒருத்தி விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "எடியே, தையல் கடைப் பெட்டையும் அந்த போன் கடைப் பெடியனும் எல்லே இல்லை!" என்றாள். பெட்டையின் தகப்பனும் அதே பஸ்ஸில்தான் இருந்தார். ஊருக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தாலியோடு வந்து இறங்கியபோது அக்கா அவளுக்கு மட்டும் நாடியை நன்றாக இறக்கினார். "இண்டைக்கு ரெண்டு பேரும் திரும்பிப் போவியள்தானே?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். யுத்தம் முடிந்த கையோடு முகாமில் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். அதற்குப் பிறகு எண்ணப்படுவதென்றாலே சிலருக்கு உடம்பு கூசும். வயதான ஒரு அப்பு படியில் நின்றுகொண்டே கத்தினார். "என்னை எண்ணாதை! அங்கை எண்ணினது காணும்." அக்கா மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உங்களை எண்ணேல்லை அப்பு. பின்னேரம் வருவியளோ எண்டு பாக்கிறன்" என்றார். அப்பு போனபிறகுதான் மூடி பேணிக்குள் விழுந்தது. பின்னேரம் எல்லோருக்கும் முதல் வந்து பேணிக்குள் கையை விட்டார்.

மூடிகளை நான்தான் கொடுப்பேன். பஸ் நிலையத்துக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையின் குசினியில் இடியப்பம் அவிக்கிறது என் வேலை. சோடா உடைத்தால் மூடியைக் கழுவிக் காயவைத்து, கிழமைக்கொருக்கால் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவேன். அதுதான் எனக்கும் அவருக்கும் இருந்த போக்குவரத்து. எங்கள் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பயந்தால் எனக்கு இந்தப் பக்கத்து 'ஓம்' வராது, தோட்டத்து 'ஆமாங்க' வந்துவிடும். கடைக்கு வருகிற இளசுகள், "ஆமாங்க அம்மா, ரெண்டு பிளேன்ரீங்க!" என்று பகிடி பண்ணுவார்கள். அதனால் நான் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிறதில்லை. அக்கா ஒருநாளும் என் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. எனக்கு ஐம்பது தாண்டியிருந்தும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் மூடிப் பையை வாங்கிக்கொண்டு, நான் கேளாமலே சொன்னார்.

"இடம்பெயர்ந்து போகேக்கை பஸ் ஒண்டிலை சனத்தை ஏத்தினாங்கள் பிள்ளை. என்ரை மச்சாளும் எங்களோடை. என்ரை மனுசன்ரை தங்கச்சி. எல்லாரும் ஏறியாச்சோ எண்டு சாரதி கேட்டான். நான் ஓம் எண்டன்."

பையின் முடிச்சை விரலால் நெருடினார்.

"தண்ணி எடுக்க இறங்கினவளாம். நான் திரும்பிப் பாக்கேல்லை. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

பிறகு பையை அவிழ்த்து மூடிகளைக் கொட்டி, துருப்பிடித்தவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். அவங்களுக்கும் ஒரு மூடி போட்டிருக்கீங்களா அக்கா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டா பஸ் ஒருநாளும் வெளிக்கிடாது, பிள்ளை."

டவுனுக்கு வெளியே வயல் பக்கம் புது பஸ் நிலையம் கட்டுகிறார்கள் என்ற கதை அந்த வருஷம் வந்தது. அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அட்டவணைப்படி ஓட வேண்டுமாம். நல்ல கதைதான். அதுவரை இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஒரே நேரத்தில் போகும். பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றுமே வராது. சாரதிமார் நடு றோட்டில் சட்டையைப் பிடிப்பார்கள். அதற்கெல்லாம் ஒரு முடிவு வேண்டும்தான்.

நேரம் குறிப்பதற்காக ஒருநாள் போக்குவரத்துக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் நாலைந்து பேர் பழைய நிலையத்துக்கு வந்தார்கள். நல்ல காற்சட்டை, கையில் ஃபைல். அக்காவின் கதிரையைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. மத்தியானம் மாவைப் பிழியக் கை வரவில்லை. முதலாளியின் மச்சான் ஓட்டோவில் தர்மபுரம் போகிறார், ஏறிக்கொள் என்றார்கள்.

போகுமுன் றோட்டைக் கடந்து என் மூடியை எடுக்க வேண்டும். பாதி தூரம் போனேன். அந்த ஆட்களின் முதுகுகள் தெரிந்தன. அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அத்தனை பேருக்கும் முன்னால் பேணிக்குள் கையை விட வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். வாயைத் திறந்தால் ஆமாங்க வரும். ஓட்டோக்காரர் கோர்ண் அடித்தார். கடையில் நிற்கிற பிள்ளை சொல்லும் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தப் பிள்ளையிடமும் நான் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நடந்ததைக் கொண்டக்டர் பிறகு சொன்னார். மழை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். அக்கா பேணியைக் குலுக்க, ஒற்றை மூடி சத்தம் போட்டது. கந்தோர்க்காரர் கடைசி பஸ் வெளிக்கிடுகிற நேரத்தைக் குறிக்க நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் வெளிக்கிடவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். உள்ளே குழந்தைகள் அழத் தொடங்கின. கந்தோர்க்காரர்களில் ஒருவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"அம்மா, ஒரு ஆளுக்காக நாப்பது பேரை மறிக்கிறியளோ?"

"ஓம் ஐயா."

"ஆர் அந்த ஆள்?"

"அது தெரிஞ்சா மறிக்க மாட்டனே."

ஐம்பது நிமிஷம் பஸ் நின்றது. பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தபோதுதான் இடியப்பக்காரப் பிள்ளை இல்லை என்று அவருக்குப் பிடிபட்டது. கடைக்கு ஓடினார். கடை பூட்டிக் கிடந்தது. அதன் பிறகு விசிலை ஊதி, பேணியையும் எடுத்துக்கொண்டு தானே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இனி நான் எழுதப்போவதை என் மருமகளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

காய்ச்சலோடு பாயில் படுத்திருந்தேன். நித்திரை இல்லை. வாசலில் அக்காவின் குரல் கேட்டது.

"அவா வந்திட்டாவோ?"

மருமகள் விளக்கோடு போனாள். "ஓம் அக்கா, மத்தியானமே வந்திட்டா. காய்ச்சல். படுத்திருக்கிறா. ஏன், என்ன நடந்தது? ஐயோ, நனைஞ்சு போனியள். உள்ளுக்கு வாங்கோவன்."

அக்கா உள்ளே வரவில்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவிலும் அவருடைய மூச்சு இரைக்கிறது எனக்குக் கேட்டது. "எழுப்பட்டோ?" என்று மருமகள் கேட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பினேன். எழும்பிப் போய் 'அக்கா, நான் வந்துட்டேன்' என்று சொல்ல எத்தனை அடி? ஆறு அடி இருக்கும்.

"வேண்டாம். படுக்கட்டும்."

பேணிக்குள் மூடி ஒருதடவை உருண்டது. பிறகு மருமகள் உள்ளே வந்து எனக்கென்று முணுமுணுத்தாள். "மாமி, உங்கடை மூடியாம். நான் எடுக்கப் போனன், விடேல்லை. நீங்களே வந்து எடுக்கட்டாம்." நான் குறட்டை விடுகிற மாதிரி மூச்சு விட்டேன். பரந்தன் பக்கம் போன நெல் லொறி ஒன்றில் அக்காவை ஏற்றிவிட்டதாக என் மகன் வந்து சொன்னான்.

ஒரு கிழமை கழித்து நான் வேலைக்குப் போனபோது அந்தக் கதிரையில் வேறு ஆள் இருந்தார். முதல் பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினோம். ஒரு சத்தமும் இல்லை. வெறும் செருப்புச் சத்தம். புதிய முறையில் ஒருவருக்காகவும் பஸ் நிற்காது, அதற்குச் சரிவராத ஆளை வைத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றார் கொண்டக்டர். "அந்த ஐம்பது நிமிஷம்தான் அக்காவின்ரை கதையை முடிச்சது. ஆருக்காண்டி நிண்டாவோ தெரியாது" என்றார். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் இடியப்பத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

அக்கா முரசுமோட்டையில் தமையன் வீட்டோடு போயிருந்தார். வீடு றோட்டோரம். எங்கள் பஸ் காலையும் மாலையும் அந்த வீட்டு வாசல் படலையைக் கடந்துதான் போகும். முதல் கிழமையே கண்டேன். படலைக்குள்ளே ஒரு கதிரை. கதிரையில் அவர். பஸ் கடக்கும்போது யன்னல் யன்னலாக அவருடைய நாடி இறங்கிக்கொண்டே வந்தது. என் யன்னல் வரும்போது நான் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு நாளும். காலையில் ஒருதடவை, பின்னேரம் ஒருதடவை. பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னம்மா விழுந்துவிட்டது என்று கேட்பார்கள். எத்தனை வருஷமாக அவருடைய கணக்கில் ஒரு தலை குறைந்துகொண்டே இருந்திருக்கும். ஒருநாள் இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் ஏறினேன். நாளைக்கு, நாளைக்கு என்று போனது.

புது நிலையம் திறந்தது. எங்கள் முதலாளிக்கு அதற்குள்ளே ஒரு கடை கிடைத்தது, நானும் அங்கே போனேன். தரையெல்லாம் மாபிள். நல்ல கக்கூஸ் இருக்கிறது, மழைக்கு நனைய வேண்டியதில்லை. பஸ்கள் சண்டை பிடிக்கிறதில்லை. பெரிய திரையில் நேரம் ஓடுகிறது, ஒலிபெருக்கிக் குழாயில் ஒரு பெண்குரல் ஊர்களின் பெயரைச் சொல்கிறது. பஸ் சொன்ன நிமிஷத்தில் போகிறது. எல்லாம் சரி. ஆஸ்பத்திரி மட்டும் பழைய டவுனில் இருக்கிறது. கிளினிக்குக்கு வந்த சனத்தை அங்கிருந்து ஏற்றிவருகிற சின்ன பஸ், எங்கள் கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வர வேண்டும். அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வழியில் ரெயில் கடவை பூட்டினால் அது வருகிறபோது எங்கள் பஸ் போய்விடும்.

போன மாரி மழைக்குள் ஒருநாள் அந்தப் படலையில் செத்தவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

நான் இறங்கினேன். இறங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை, கால் தானாக இறங்கியது. முற்றம் நிறைய ஆட்கள். அக்காவைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். நாடியைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் பெண்களோடு ஒரு மூலையில் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தமையனின் மகள் அந்த ரின்பால் பேணியைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒற்றை மூடி உருண்டது.

"மாமி இதை ஒருத்தரையும் தொட விடேல்லை" என்று அவள் அழுதாள். "உள்ளுக்கை இருக்கிறதை எடுத்து எறியுங்கோவன் எண்டா, பிள்ளை வந்து எடுக்கும் எண்டு சொல்லுவா. காணாமல் போன தன்ரை மச்சாளைத்தான் சொன்னவா. சாகுமட்டும் அவளைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவா."

பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். பேணியை அப்படியே பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம் என்று ஒரு கிழவி சொன்னாள்.

பிள்ளை. அது மச்சாள் இல்லை. மச்சாளுக்கு அவர் ஒருநாளும் மூடி போட்டதில்லை. அந்த முற்றத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான். பேசாமல் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அவர்களுக்கு அது ஒரு ஆறுதல். ஆனால் அந்தச் சத்தத்தோடு அவர் எரியப் போகிறார்.

எழும்பினேன். எத்தனையோ முகங்கள் திரும்பின.

"அது... அது அவங்களோடது இல்லீங்க. என்னோடதுங்க."

"இவ ஆர்?" என்று கிழவி கேட்டாள்.

"இடியப்பம் அவிக்கிற அம்மா" என்று யாரோ சொன்னார்கள்.

"அவங்களுக்கு மூடி போட்டா பஸ் எப்பவுமே போகாதுன்னு அக்காதான் எங்கிட்டச் சொன்னாங்க. இது நான் எடுக்காம விட்டதுங்க. அன்னைக்கு மழையில எங்க வீடு தேடி வந்தாங்க. நான் தூங்கலீங்க. முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

எல்லாம் என் தாயின் பேச்சிலேயே வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தமையனின் மகளுக்கு முகம் ஒருமாதிரிப் போனது. அவளிடமிருந்து நான் எதையோ பறித்த மாதிரித்தான் அவள் என்னைப் பார்த்தாள். பறித்ததுதான். பிறகு பேணியை என் பக்கம் நீட்டினாள். கையை விட்டு எடுத்தேன். பச்சை நிறம், ஓரமெல்லாம் துரு. நான் கழுவிக் காயவைத்த மூடிகளில் ஒன்று.

"அக்கா, நான் வந்துட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் பேணியை அக்காவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒருதடவை குலுக்கினாள். சத்தம் வரவில்லை. அப்படியே அவருடைய கைக்குள் வைத்தாள். மச்சாள் இன்னும் வரவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நான் இன்னும் வேலைக்குப் போகிறேன். பின்னேரம் கடைசி பஸ்ஸில் ஏறுகிறேன். குழாயில் அந்தப் பெண்குரல் எங்கள் ஊரைச் சொல்லும், சாரதி இஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற சின்ன பஸ் அப்போதுதான் தூரத்து வளைவில் திரும்பும். கத்திக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு இன்றைக்கும் வராது. ஒரு காலைப் படியில் வைப்பேன். மற்றக் காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன்.

"ஏறுங்கோ அம்மா, நேரம் போகுது!"

"ஏறுறன் தம்பி. முழங்கால்."

"ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்குத்தான் உங்கடை முழங்கால் பிடிக்கும், என்ன?"

"ஓம் தம்பி."

எக்ஸ்ரே உறையும் கையுமாகச் சனம் ஓடிவந்து ஏறும். கடைசித் தலையும் ஏறிய பிறகுதான் மற்றக் காலைத் தூக்குவேன். சில நாள் சின்ன பஸ் வளைவிலேயே தெரியாது. முழங்காலை எவ்வளவு நேரம்தான் சாட்டலாம்? அந்த நாட்களில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.

யன்னலோரம் இடம் பிடிக்கிறேன். முரசுமோட்டையில் அந்தப் படலை வருகிறது. கதிரை இன்னும் உள்ளேதான் கிடக்கிறது, எடுக்கவில்லை. நான் இப்போது குனிகிறதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து இருக்கிறேன். எண்ணட்டும்.